453 பவுண்டு ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள்

பெறுநர்: பிரிட்டன் நிதியமைச்சர் அவர்களும், கருவூலத்தில் வாட் வரிக்கொள்கையை எழுதும் அதிகாரிகளும்

மதிப்புக்குரியவர்களே,

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். இங்கிலாந்தில் காலி மனையில் ஒரு புதுவீடு கட்டினால், கட்டுமான வேலைக்கு வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி பூஜ்யம். இருக்கிற பழைய வீட்டைத் தரைமட்டமாக்கிவிட்டு அதே இடத்தில் புதியது கட்டினாலும் பூஜ்யம். ஆனால் அறுநூறு வருடமாக நிற்கும் ஒரு வீட்டின் உளுத்துப்போன தூணுக்கு ஒட்டுப் போட்டால் 20 சதவீதம். நிற்கிற கட்டடத்தை நிற்க வைப்பவரிடம் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கேட்கிறீர்கள். இதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

பொதுவாகப் பேசினால் கோப்பில் போட்டு மூடிவிடுவீர்கள். அதனால் ஒரே ஒரு ஊரை வைத்துப் பேசுகிறேன். குளோஸ்டர்ஷயரில் இருக்கிற டியூக்ஸ்பரி. இந்த ஊரைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணம் உண்டு. ஒன்று, இந்த ஊரின் ஆலயத்தை உங்கள் அரசு ஒருமுறை விலை பேசி, ஊர்க்காரர்களிடமே விற்றுக் காசாக்கியது. இன்னொன்று, பழைய கட்டடங்களை எப்படிப் பேண வேண்டும் என்ற பேச்சே இந்த ஆலயத்தைப் பற்றிய ஒரு திறந்த மடலில் இருந்துதான் இந்த நாட்டில் சூடு பிடித்தது.

செவர்ன் நதியும் ஏவன் நதியும் கூடுகிற இடத்தில் ஊர் இருக்கிறது. சுற்றிலும் வெள்ளம் புரளும் தாழ்நிலம். அகலமாகப் பரவ வழியில்லாததால் சர்ச் தெரு, ஹை தெரு, பார்ட்டன் தெரு என்ற மூன்று தெருக்களின் ஓரத்திலேயே வீடுகள் நெருக்கியடித்து எழுந்தன. அதுவும் போதாமல் கொல்லைப்புறங்களிலும் சின்னச் சின்ன வீடுகளைக் கட்டி, அங்கே போய்வர ஆள் நுழையும் அளவுக்குச் சந்துகளை விட்டார்கள். ஒரு காலத்தில் 90 சந்துகள் வரை இருந்தனவாம். இன்று மிஞ்சியிருப்பவை 30 போல. லில்லீஸ் ஆலி, மெஷின் கோர்ட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். போன நூற்றாண்டில் சேரி ஒழிப்பு என்ற பெயரில் பலவற்றை இடித்துத் தள்ளினார்கள். அங்கே குடியிருந்தவர்கள் பட்ட சிரமம் நிஜம்தான், அதை மறுக்கவில்லை. ஆனாலும் இடிக்காமல் சீர்செய்திருக்கலாம் என்பது, மிஞ்சிய சந்துகளில் இன்று வீடு தேடி அலைபவர்களைப் பார்த்தால் தெரியும்.

தெற்குக் கோடியில் ஆலயம். 1102-இல் வேலை தொடங்கி 1121-இல் புனிதப்படுத்தப்பட்டது. நடுக்கூடத்தில் 14 உருண்டைத் தூண்கள், ஒவ்வொன்றும் சுமார் 30 அடி உயரம். ஒன்றைச் சுற்றி அணைக்க மூன்று பேராவது கைகோக்க வேண்டும். மேலே 148 அடிக்கு எழும் கோபுரம், நார்மன் காலத்து நடுக்கோபுரங்களில் இவ்வளவு பெரியது இங்கிலாந்தில் வேறில்லை என்பார்கள். அதன் உச்சியில் மரத்தால் ஆன ஒரு கூர்முனையும் இருந்தது. 1559-இல் ஈஸ்டர் அன்று விழுந்துவிட்டது. அப்புறம் யாரும் அதைத் திரும்ப வைக்கவில்லை. வைக்காததே அழகு என்பது என் கட்சி.

இனி நம் கணக்குக்கு வருவோம். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது 1540 ஜனவரியில் டியூக்ஸ்பரி மடமும் கைமாறியது. கடைசி மடாதிபதி ஜான் வேக்மன் நஷ்டப்படவில்லை. அடுத்த வருடமே குளோஸ்டரின் முதல் பிஷப் ஆனார். அரசாங்க ஆட்கள் வந்து, எதை வைத்துக்கொள்வது, எது உபரி என்று பட்டியல் போட்டார்கள். ஆலயம் உபரிப் பட்டியலில் விழுந்தது. உபரி என்றால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கூரையின் ஈயத்தை உரித்து உருக்குவார்கள், மணிகளை உடைத்து உலோகமாக விற்பார்கள், மீதியை மழை பார்த்துக்கொள்ளும்.

ஊர்க்காரர்கள் விடவில்லை. நடுக்கூடம் காலங்காலமாக எங்கள் வழிபாட்டு இடம், அது மடத்துக்குச் சொந்தமே இல்லை என்று வாதாடினார்கள். அப்படியானால் மற்ற பகுதிகளை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றது அரசு. விலை 453 பவுண்டு. அந்தத் தொகை எப்படி வந்தது என்பதுதான் முக்கியம். தூணுக்கோ வளைவுக்கோ ஒரு பென்னிகூட மதிப்புப் போடவில்லை. மணிகளின் உலோகத்துக்கும் கூரை ஈயத்துக்கும் என்ன கிடைக்குமோ அதுதான் விலை. பழைய இரும்புக் கடைக் கணக்கு. ஊர் அதையும் திரட்டிக் கொடுத்தது. கிழக்குப் பக்கத்திலிருந்த மாதா சிற்றாலயம் மட்டும் தப்பவில்லை. அது நின்ற இடத்தின் அடையாளத்தை இன்றும் புல்தரையில் பார்க்கலாம்.

ஆக, இந்த ஈயக்கூரையின் பெயரில் கருவூலம் ஒருமுறை முழு விலையும் வாங்கிவிட்டது. இன்று அதே கூரையின் ஒரு பகுதியில் ஈயத்தகட்டை மாற்றினால் 20 சதவீதம் கேட்கிறது. வரலாற்றில் இவ்வளவு நேர்கோட்டில் ஒரு வசூல் நடந்த இடம் அதிகம் இருக்காது.

ஆலயத்தின் கதையில் 1471 மே 4 போர் இல்லாமல் முடியாது. அரியணைக்காக லங்காஸ்டர், யார்க் என்ற இரண்டு அரச குடும்பங்கள் மோதிய போர். லங்காஸ்டர் தரப்பு தோற்று, உயிர் பிழைக்க ஓடிவந்தவர்கள் ஆலயத்துக்குள் புகுந்தார்கள். வெற்றி பெற்றவர்கள் உள்ளேயும் விரட்டி வந்தார்கள். இரத்தம் சிந்தியதால் ஆலயத்தை மறுபடி புனிதப்படுத்த வேண்டியிருந்தது. லங்காஸ்டர் தரப்பின் 17 வயது இளவரசன் எட்வர்ட் இங்கேதான் அடக்கம். பொருளறைக் கதவின் உட்புறம் முழுக்க இரும்புத் தகடுகள் அடித்திருக்கின்றன, அவை போரில் செத்தவர்களின் கவசத்தை வெட்டி எடுத்தவை என்று சொல்கிறார்கள். சுற்றுலா வருபவர்கள் இதைக் கேட்கத்தான் வருகிறார்கள். வரட்டும். ஆனால் என் மடல் பெரும்பாலும் சின்னக் கட்டடங்களைப் பற்றியது.

ஆலயப் புல்வெளியை ஒட்டி, சர்ச் தெருவில் ஒரு நீண்ட வீட்டு வரிசை இருக்கிறது. 1400-களின் தொடக்கத்தில் மடத்துத் துறவிகள் கட்டியது. கட்டியது புண்ணியத்துக்காக அல்ல, வாடகைக்காக. வரிசையாகக் கடைகள். முன்னால் கடை, அதன் பின்னால் கூரைவரை திறந்த ஒரு கூடம், மேலே ஒரு அறை. ஜன்னல் பலகையைக் கீழே மடக்கினால் அதுவே சாமான் பரப்பும் மேஜை, மேலே தூக்கிச் சாத்தினால் கடை மூடியாயிற்று. 1960-களில் இடியும் நிலைக்கு வந்திருந்த இந்த வரிசையை ஓர் அறக்கட்டளை எடுத்துச் சீர்செய்தது. ஒரு வீட்டை 15-ஆம் நூற்றாண்டு வணிகர் வீடாகவே அமைத்துக் காட்டுகிறார்கள். மற்றவற்றில் இன்றும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள், வியாபாரம் செய்கிறார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு சந்துக்குள் பழைய பாப்டிஸ்ட் சிற்றாலயம். அதுவும் முதலில் 15-ஆம் நூற்றாண்டு வீடுதான். 17-ஆம் நூற்றாண்டில் வழிபாட்டுக்கு மாறியது. தரைப் பலகைக்குக் கீழே ஞானஸ்நானத் தொட்டி. ஹை தெருவில் இரண்டு முகடுகள் தெருப்பக்கம் குனிந்து பார்க்கிற ஒரு வீடு உண்டு, ஊரில் அதற்குத் தலையாட்டி முகட்டு வீடு என்றே பெயர்.

இந்த வீடுகளில் சுவர் எதையும் தாங்குவதில்லை. தாங்குவது ஓக் மரச்சட்டம். மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே அறுத்து இழைப்பார்கள், காய்ந்தால் ஓக்கில் உளி இறங்காது. ஒரு கட்டையின் கழுந்தை இன்னொன்றின் துளையில் இறக்கி, குறுக்கே மரமுளை அடிப்பார்கள். ஆணி கிடையாது. முழுச் சட்டத்தையும் முதலில் பட்டறையில் தரையில் பரப்பிச் சேர்த்துப் பார்த்து, ஒவ்வொரு மூட்டிலும் உளியால் எண் கீறி, பிரித்துக் கொண்டுபோய் மனையில் நிறுத்துவார்கள். அந்தக் கீறல்களை இன்றும் பல வீடுகளில் விரலால் தடவிப் பார்க்கலாம். பிறகு மரம் காயக் காய முறுக்கிக்கொள்ளும், முளை இன்னும் இறுகும். வீடு கோணலாவதும் அப்போதுதான். தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தால் ஒரு மூலையும் நேராக இருக்காது. ஆனால் நிற்கும்.

சட்டத்துக்கு நடுவே உள்ள கட்டங்களில் குச்சித் தட்டி கட்டி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்புச் சாந்து. மழை அடித்தால் இது நனையும். நனைந்தது காற்றில் காய்ந்துவிடும். அவ்வளவுதான் சூட்சுமம். போன நூற்றாண்டில் சிமென்ட் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் பலர் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுச் சிமென்ட் பூசினார்கள். மரம் பருவத்துக்குப் பருவம் சுருங்கும், விரியும். சிமென்ட் அசையாது. இரண்டுக்கும் நடுவே மயிரிழை விரிசல் விழும், தண்ணீர் அதில் இறங்கும், வெளியேற வழி இராது. வெயிலில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு நடப்பவன் உள்ளுக்குள் வேர்த்துப் புழுங்குவது போலத்தான் அந்த மரம் புழுங்குகிறது. ஈர ஓக்கைத் தின்னவென்றே ஒரு வண்டு இங்கே உண்டு. மேலே கருப்புச் சாயம் பளபளப்பாக இருக்கும், உள்ளே மாவு. (கருப்புச் சாயமும் பெரும்பாலும் விக்டோரியா காலத்து மோஸ்தர். பழையவர்கள் ஓக்கை அதன் போக்கில் நரைக்க விட்டார்கள், அல்லது மரம் சுவர் இரண்டின் மேலும் சேர்த்துச் சுண்ணாம்பு அடித்தார்கள்.)

ஒரு சந்துக்குள் தச்சர் ஒருவர் இப்படிப்பட்ட தூணைச் சரிசெய்வதை நின்று பார்த்திருக்கிறேன். முதலில் திருப்புளியை எடுத்துத் தூணின் அடியில் குத்தினார். பிடிவரை இறங்கியது. ஒரு சாண் மேலே குத்தினார், பாதி இறங்கியது. முழங்கால் உயரத்தில் குத்தியபோது டக்கென்று நின்றது. அந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே உள்ளதை மட்டும்தான் அறுத்து எடுத்தார், ஓர் அங்குலம்கூட மேலே போகவில்லை. மேல்கட்டையின் அடியைச் சாய்வான படியாக வெட்டி, அதற்கு நேர்மாறாகச் செதுக்கிய புது ஓக் காலை உள்ளே தட்டி, நான்கு முளை அடித்தார். புதுக்கட்டை வெளிறிப்போய்த் தனியாகத் தெரிந்தது. சாயம் பூசி மறைக்க மாட்டீர்களா என்று கேட்டேன். எதற்கு, பின்னால் வருபவனுக்கு எது பழசு எது புதுசு என்று தெரிய வேண்டாமா என்றார்.

அந்த வீட்டுக்காரரிடம் வேறொருவரின் விலையும் இருந்தது. கையில் பணமாகக் கொடுத்தால் வாட் வேண்டாம், உளுத்த இடத்தைச் சிமென்டால் அடைத்துக் கருப்படித்துத் தருகிறேன், இரண்டு நாள் வேலை என்றாராம். வீட்டுக்காரர் கொஞ்சம் விவரம் தெரிந்தவர், ஏற்கவில்லை. எல்லோரும் அப்படி இருப்பார்களா? உங்கள் வரி தச்சருக்கும் சிமென்டுக்காரருக்கும் நடுவே 20 சதவீத வித்தியாசத்தை வைத்துவிட்டு, மக்கள் தச்சரையே கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்க்கிறது. வருட வரவு 90,000 பவுண்டுக்குள் இருக்கும் சிறு கைவினைஞர்கள் வாட் பதிவே செய்ய வேண்டியதில்லையே என்பீர்கள். சரிதான். ஆனால் ஈயக்கூரை, முழுச்சட்டம், சாரம் கட்டும் வேலை என்று வந்தால் அந்த வரம்புக்குள் நிற்கும் ஆள் கிடைப்பதில்லை. தெருவோரக் கடைக்காரர் வாட் பதிவு வைத்திருந்தால் கட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்வார். இங்கிலாந்தின் பல பழைய தெருக்களில் நம் தமிழர்களும் கடை நடத்துகிறார்கள், அவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. கடைக்கு மேலே குடியிருக்கும் ஓய்வூதியக்காரரால் அது முடியாது. சுமை கடைசியில் யார் தலையில் இறங்குகிறது என்று பாருங்கள்.

இத்தனைக்கும் இந்த வீடுகளைப் பேண வேண்டுமென்று கட்டளையிடுவதும் நீங்கள்தான். பட்டியலிட்ட கட்டடத்தில், அதாவது பாதுகாக்க வேண்டியது என்று அரசு பட்டியலில் சேர்த்த கட்டடத்தில், அனுமதியில்லாமல் கைவைத்தால் குற்ற வழக்கு. கவனிக்காமல் விட்டால் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளாட்சி பழுதுபார்க்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பலாம், கேட்காவிட்டால் கட்டடத்தையே கையகப்படுத்தலாம். இடிக்கவும் கூடாது, மாற்றவும் கூடாது, சும்மா விடவும் கூடாது. பழுதுபார்த்துத்தான் ஆக வேண்டும். அப்படியானால் அது விருப்பச் செலவு அல்ல, சட்டம் சுமத்திய கடமை. கடமைக்கு எதற்கு உச்ச வரி?

உங்கள் வரி அட்டவணையே இந்தக் குழப்பத்தை ஒத்துக்கொள்கிறது. இரண்டு வருடம் காலியாகக் கிடந்த வீட்டைப் புதுப்பித்தால் வாட் 5 சதவீதம். ஆள் குடியிருந்து அவ்வப்போது பார்த்துக்கொண்ட வீட்டுக்கு 20. பூட்டிப் போட்டுப் பாழடைய விட்டவருக்குச் சலுகை. கூரைமேல் சூரியத் தகடு பதித்தால் 2027 மார்ச் வரை பூஜ்யம். அந்தத் தகட்டைத் தாங்கும் கூரையின் ஒழுகலை அடைத்தால் 20. சூரியத் தகட்டுக்குச் சலுகை கொடுத்தது நல்ல காரியம், அதைக் குறை சொல்லவில்லை. நினைத்தால் விகிதத்தை மாற்ற முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஐரோப்பிய விதி கையைக் கட்டுகிறது என்று முன்பு சொல்லி வந்தீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறி, அந்தக் கட்டு அவிழ்ந்து வருடங்கள் ஆகின்றன. தொலைவில் போய் உதாரணம் தேட வேண்டாம், உங்களோடு ஒரே வாட் ஏற்பாட்டில் இருக்கும் மான் தீவில் வீடு பழுதுபார்ப்புக்கு 5 சதவீதம்தான்.

ஆலயங்களுக்கு மட்டும் வேறு வழி ஒன்று இருந்தது. இதைப் படிக்கும் தமிழர்களுக்காக ஒரு வார்த்தை: அரசத் திருச்சபை என்ற பெயரைக் கேட்டு, ஆலயங்களை அரசே பராமரிக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். கூரைக்கும் கோபுரத்துக்கும் அந்தந்தப் பங்கு மக்கள்தான், அதாவது அந்த ஆலயத்தைச் சேர்ந்த சபையார்தான், உண்டியல் குலுக்க வேண்டும். இங்கிலாந்தில் முதல் தரப் பட்டியலில் உள்ள கட்டடங்களில் ஏறக்குறைய 45 சதவீதம் திருச்சபையின் ஆலயங்கள். டியூக்ஸ்பரி ஆலயமும் அதில் ஒன்று. 2001 முதல் இவர்கள் பழுதுபார்ப்புக்குக் கட்டிய வாட்டை மானியமாகத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு திட்டம் இருந்தது. 2025 ஜனவரியில் அதில் வெட்டு அறிவித்தீர்கள். ஒரு கட்டடத்துக்கு வருடத்துக்கு 25,000 பவுண்டுக்கு மேல் கிடையாது என்று ஆனது. மொத்தத் தொகை 4 கோடியே 20 லட்சத்திலிருந்து 2 கோடியே 30 லட்சம் பவுண்டாக இறங்கியது. அதுவும் 2026 மார்ச் 31 வரைதான் என்று நாள் குறித்தீர்கள்.

25,000 என்பது 1,25,000 பவுண்டு வேலைக்கான வாட். சின்ன கிராமத்து ஆலயத்துக்கு அது போதுமாக இருந்தது. டியூக்ஸ்பரி மாதிரியான ஒன்றில் 5 லட்சம் பவுண்டுக்குக் கூரை வேலை வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட் ஒரு லட்சம். அந்தத் திட்டத்தில் திரும்பி வந்திருக்கக்கூடியது 25,000. மீதி 75,000 பவுண்டு, கேக் விற்றும் கச்சேரி நடத்தியும் சேர்த்த பணம், உங்களுக்கு வந்திருக்கும். மானியம், நிதி, புதுத் திட்டம் என்று நீங்கள் எதைக் கொண்டுவந்தாலும் அது கேட்டு வாங்குவது. விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவர்கள் உள்ள பங்குக்குக் கிடைக்கும், மற்றவர்கள் நிற்பார்கள். வரியே குறைவு என்றால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இப்போது அந்தப் பழைய திறந்த மடலுக்கு வருகிறேன். 1877 மார்ச் தொடக்கத்தில் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் காலைப் பத்திரிகையில் ஒரு செய்தியைப் பார்க்கிறார். டியூக்ஸ்பரி ஆலயத்தைப் பிரபல கட்டடக் கலைஞர் சர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் புதுப்பிக்கப் போகிறார் என்று. அந்தக் காலத்தில் புதுப்பிப்பது என்றால் பிற்காலத்தில் சேர்ந்ததையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, 12-ஆம் நூற்றாண்டில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று கலைஞரின் மனதில் தோன்றியதைக் கட்டுவது. மாரிஸ் கொதித்துப்போய் அதீனியம் இதழுக்கு எழுதினார். இடிக்கிறார்கள் என்றே குற்றம் சாட்டினார். பழைய கட்டடங்களைக் காவல் காக்க ஒரு சங்கம் வேண்டும் என்றும் கேட்டார். அதே மாதம் 22-ஆம் தேதி பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. இன்றும் இருக்கிறது. டியூக்ஸ்பரியில் ஸ்காட்டின் வேலை நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்காட் அடுத்த வருடம் இறந்தார், மகன் முடித்துவைத்தார். மாரிஸ் பயந்த அளவுக்கு ஆலயம் கெட்டுப்போகவும் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் அந்தச் சங்கம் அன்று வைத்த கொள்கை மிக எளிமையானது. தினமும் கொஞ்சம் கவனித்து வந்தால் சிதைவைத் தள்ளிப்போடலாம். பெரிய புதுப்பிப்பே தேவைப்படாது.

அந்தக் கொள்கைக்கு நேர் எதிரி உங்கள் வரி. வருடத்துக்கு ஒருமுறை கூரையோரப் பீலியில் சேரும் இலையை வாரிப் போடுவதற்குப் பெரிய செலவில்லை. அதைத் தள்ளிப்போட்டால் தண்ணீர் வழிந்து சுவருக்குள் இறங்கும், உத்தரத்தின் நுனி உளுத்துப்போகும், பத்து வருடத்தில் சாரம் கட்ட வேண்டி வரும். சின்ன வேலையிலும் 20 சதவீதம் ஒட்டிக்கொண்டிருந்தால், பணம் இறுக்கமாக உள்ளவர்கள் முதலில் தள்ளிப்போடுவது அந்தச் சின்ன வேலையைத்தான்.

வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2007 ஜூலையில் இந்த ஊர் தீவானது. ஆகாயத்திலிருந்து எடுத்த படம் உலகமெங்கும் போயிற்று. சுற்றிலும் பழுப்பு நீர், நடுவில் ஆலயம். மேட்டில் கட்டியிருந்தும் உள்ளே தண்ணீர் வந்துவிட்டது. 1760-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பக்கத்திலுள்ள மைத் குடிநீர் நிலையம் மூழ்கியதில் சுமார் 3,50,000 பேருக்குக் குழாயில் தண்ணீர் இல்லை. சுண்ணாம்பும் ஓக்கும் தம் பாட்டில் விட்டால் மெல்லக் காய்ந்து பழைய நிலைக்கு வந்துவிடும். அவசரமாகச் சூடான காற்றடித்து உலர்த்தினால் ஓக் பிளக்கும். ஜிப்சம் பலகை அடித்த வீடுகளில் எல்லாவற்றையும் பிய்த்து எறிய வேண்டியதுதான். நதி இன்னும் வரும். பழைய பொருளைப் பழைய முறையில் பேணுவது இந்த ஊருக்கு அழகுக்காக அல்ல, வெள்ளத்தைச் சமாளிக்கத் தேவையான விஷயம்.

நீங்கள் சொல்லப்போகும் பதில்களில் ஒன்று எனக்குத் தெரியும். பழைய வீடு வைத்திருப்பவர்கள் பணக்காரர்கள், அவர்களுக்கு ஏன் சலுகை? 2012-இல் பட்டியலிட்ட கட்டடங்களின் மாற்றங்களுக்கு இருந்த பூஜ்ய வரியை எடுத்தபோதும் நீச்சல் குளம் கட்டுபவர்களைத்தான் காரணம் காட்டினீர்கள். அதில் நியாயம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். நீச்சல் குளத்துக்கு வரி போடுங்கள். அன்றைய விநோதம் வேறு: மாற்றிக் கட்டினால் பூஜ்யம், உள்ளபடியே பழுதுபார்த்தால் முழு வரி. சலுகை தப்பான பக்கத்தில் இருந்தது. அதைச் சரியான பக்கத்துக்கு நகர்த்துவதற்குப் பதிலாக இரண்டு பக்கமும் 20 ஆக்கிவிட்டீர்கள்.

வருவாய் குறையுமே என்பது இன்னொரு பதில். குறையும். பழுதுபார்ப்பு வேலை பெரும்பாலும் கூலி. மரமும் சுண்ணாம்பும் செலவில் சின்னப் பங்குதான், மீதி உள்ளூர்த் தச்சர், கொத்தனார், ஈயவேலைக்காரர் கைக்குப் போகிறது, அவர்களிடமிருந்து வருமான வரியாக உங்களிடமே கொஞ்சம் திரும்பும். பணமாகக் கைமாறும் வேலை பில்லுக்கு வந்தாலும் கொஞ்சம் தேறும். முழுவதும் ஈடாகும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. மீதியை, இடித்துக் கட்டும் வேலைக்கு ஒரு சிறு விகிதம் போட்டு எடுங்கள்.

ஆகவே கேட்பது இதுதான். பட்டியலிட்ட கட்டடங்களில், இருந்ததை இருந்தபடி அதே பொருளால் பழுதுபார்க்கும் வேலைக்கு வாட்டை 5 சதவீதமாக்குங்கள். எது அப்படிப்பட்ட வேலை என்று சொல்ல உள்ளாட்சியின் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், புது இலாகா தேவையில்லை. வழிபாட்டு இடங்களுக்கு எந்தப் பெயரில் உதவி கொடுத்தாலும் கட்டடத்துக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு வேண்டாம். அதிகம் ஒழுகும் கூரை பெரும்பாலும் பெரிய கூரைதான்.

இதெல்லாம் அடுத்த பட்ஜெட்டுக்குள் முடியாது என்றால், அதுவரை ஒரு காரியம் செய்யுங்கள். போன நிதியாண்டில் பட்டியலிட்ட கட்டடங்களின் பழுதுபார்ப்பிலிருந்து மட்டும் எவ்வளவு வாட் வசூலானது, அதே ஆண்டில் அதே கட்டடங்களுக்கு மானியமாக எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வெளியிடுங்கள். கணக்கு பிரித்து வைக்கவில்லை என்றால் அதையாவது எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
இந்த நாட்டில் வரி கட்டிக் குடியிருக்கும் ஒரு தமிழன்